நிழல்களில் உருவங் கண்ட விஞ்ஞானி
பேராசிரியர் ஜி. என். இராமச்சந்திரன்

கல்லூரி ஒன்றின் ஜூபிலி மலரிலே சான்றோர் ஒருவரின் வாழ்க்கை வரலாறு இடம்பெறுதல் நெடுநாள் மரபு. புலவர், புரவலர், சமயத் தொண்டர் எனப் பலருடைய வரலாறுகளை இத்தகைய மலர்களின் வாயிலாகப் படித்து இன்புற்றிருக்கிறோம். இம்முறை யாம் எடுத்துக்கொண்டது ஒரு விஞ்ஞானியின் வரலாறு. பௌதிகமும் உயிரிரசாயனமும் கற்போர் அவர் பெயரை நன்கறிவர். ஆயினும், நம் கரையோர ஊர்களிலிருந்து வைத்தியசாலைக்குச் சென்று சீ.ரீ. ஸ்கான் எடுத்துக்கொள்வோருள், அப்படம் உருவாகிய முறையிலே தமிழ்க் குடியிற் பிறந்த ஒருவரின் கணிதமும் கலந்துள்ளது என்பதை அறிந்தவர் மிகச் சிலரே. அவரே பேராசிரியர் ஜி. என். இராமச்சந்திரன்.

கண்ணுக்குப் புலனாகாத ஒரு பொருளின் நிழலை மட்டும் வைத்துக்கொண்டு அதன் உருவத்தை மீட்பது எங்ஙனம்? மீட்ட உருவம் இயற்கை இடந்தரக் கூடியதுதானா என்று சோதிப்பது எங்ஙனம்? இவ்விரு வினாக்களுமே அவர் வாழ்நாட் பணியின் சாரம் எனலாம். இன்று நோயாளியின் உடற்படத்திலிருந்து அவர் நோயின் போக்கைக் கணினியிலே கணித்தறிய முயலும் வைத்தியவுலகம் இவ்விரு வினாக்களையுமே மீண்டும் மீண்டும் கேட்டுக்கொண்டிருக்கிறது.

பிறப்பும் கல்வியும்

இராமச்சந்திரன் 1922 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 8 ஆம் நாள் எர்ணாகுளத்திற் பிறந்தார். அவர் பெயரின் முதலெழுத்துக் கோபாலசமுத்திரத்தைக் குறிப்பது. தந்தையார் நாராயண ஐயர் எர்ணாகுளம் மகாராஜாக் கல்லூரியிற் கணிதப் பேராசிரியராக விளங்கியவர். பின்னர் அக்கல்லூரியின் அதிபராகவும் உயர்ந்தவர். தந்தையாரே மைந்தனுக்குக் கணிதத்தில் ஆர்வமூட்டிய முதலாசிரியர். வடிவியலிலும் அட்சர கணிதத்திலும் இளமையிற் பெற்ற அப்பயிற்சி பிற்காலத்தில் அவர் செய்த பணிகள் அனைத்திற்கும் அத்திவாரமாயிற்று.

திருச்சிராப்பள்ளி புனித சூசையப்பர் கல்லூரியிற் பௌதிகம் பயின்று, 1942 இற் சென்னைப் பல்கலைக்கழகத்தின் சிறப்புப் பட்டத் தேர்விலே முதன்மை பெற்றார். அவ்வாண்டே பெங்களூர் இந்திய விஞ்ஞான நிறுவனத்தை அடைந்தார். அங்கே முதலில் அவர் சேர்ந்தது மின்பொறியியற் பிரிவில். அந்நிறுவனத்தின் பௌதிகப் பேராசிரியராக அப்போது இருந்தவர் சர் சி. வி. இராமன். இளைஞரின் ஆற்றலைக் கண்ட இராமன் அவரைத் தம் பிரிவுக்கு மாற்றிக்கொண்டார். நல்லாசிரியரின் கண் ஒரு மாணவனின் வாழ்வுப் பாதையையே மாற்றவல்லது என்பதற்கு இது தக்க சான்று.

இராமனிடம் ஒளியியலும் பளிங்கியலும் கற்றார். வைரக் கற்களை எக்ஸ் கதிர்களால் ஆராய்ந்தார். 1947 இற் சென்னைப் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான கலாநிதிப் பட்டம் பெற்றபின், கேம்பிறிட்ஜ் கவெண்டிஷ் ஆய்வுகூடத்திற்குச் சென்று, 1949 இல் அங்கும் கலாநிதிப் பட்டம் பெற்றுத் தாயகம் மீண்டார். அக்காலத்தில் அவ்வாய்வுகூடத்தின் தலைவர் சர் லோறன்ஸ் பிறாக். எக்ஸ் கதிர்கள் பளிங்கினூடே சென்று விழுத்தும் புள்ளிக் கோலத்திலிருந்து அணுக்களின் அமைப்பைக் கண்டறியும் கலை தந்தையாகிய பிறாக்கினாலும் அவராலும் வளர்க்கப்பட்டது. நிழலிலிருந்து உருவத்தை மீட்கும் அக்கலையை இராமச்சந்திரன் அதன் ஊற்றிலேயே பருகினார்.

மூன்று புரிக் கயிறு

1952 இற் சென்னைப் பல்கலைக்கழகம் பௌதிகத் துறைக்கு ஒரு தலைவரைத் தேடிற்று. அப்போதைய துணைவேந்தர் டாக்டர் ஏ. இலட்சுமணசுவாமி முதலியார் தாமே பெயர் பெற்ற வைத்தியர். அவர் முதலில் நாடியது இராமனை. இராமன் தமக்குப் பதிலாகத் தம் மாணவரைச் சுட்டினார். முப்பது வயது நிரம்புமுன் இராமச்சந்திரன் பேராசிரியரும் துறைத் தலைவரும் ஆனார்.

அக்காலத்திற் சென்னைக்கு வந்த ஆங்கில விஞ்ஞானி ஜே. டி. பேர்னல், கொலாஜன் என்னும் புரதத்தின் அமைப்பு இன்னும் தெளிவாகவில்லை என்பதை எடுத்துக்காட்டினார். தோல், எலும்பு, தசைநாண், குருதிக் குழாய்களின் சுவர் ஆகியவற்றுக்கு உறுதி தருவது அப்புரதம். அயலிலே மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தமை நல்வாய்ப்பாயிற்று. அங்கிருந்து கிடைத்த கங்காரு வாலின் தசைநாணை எக்ஸ் கதிர்களுக்கு இலக்காக்கி, கோபிநாத் கர்த்தா என்னும் உடனாய்வாளருடன் படங்களை ஆராய்ந்தார். கொலாஜனிலுள்ள அமினோ அமிலங்களுள் மூன்றில் ஒரு பங்கு கிளைசீன் என்பது முன்னரே தெரிந்திருந்தது. அதுவே திறவுகோலாயிற்று. மூன்று சங்கிலிகள் ஒன்றோடொன்று நெருங்கி நிற்பதாயின், ஒவ்வொரு மூன்றாம் இடத்திலும் மிகச் சிறிய அமினோ அமிலமாகிய கிளைசீனே பொருந்தும். இங்ஙனம் 1954 இல் மூன்று சங்கிலிகள் கொண்ட அமைப்பை வெளியிட்டனர். 1955 இல் அச்சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றி முறுகியிருப்பதாக அதனைத் திருத்தியமைத்தனர். நம் மீனவர் மூன்று புரி சேர்த்து முறுக்கிய கயிற்றின் வலிமையை அறிவர். இயற்கையும் நம் உடலிலே அவ்வண்ணமே கயிறு திரித்துள்ளது.

மறுப்பும் அதனால் விளைந்த நன்மையும்

புதுக்கருத்து எதுவும் மறுப்பின்றி ஏற்கப்படுவதில்லை. கேம்பிறிட்ஜில் இருந்த பிரான்சிஸ் கிறிக், அலெக்சாண்டர் றிச் ஆகியோர் மூன்று சங்கிலி அமைப்பை ஏற்றனர். ஆயினும் இராமச்சந்திரன் காட்டிய உருவிலே சில அணுக்கள் அளவுக்கு மிஞ்சி நெருங்கியுள்ளன என்று குறை கூறி, ஐதரசன் பிணைப்புக்கள் குறைந்த வேறோர் உருவை முன்வைத்தனர். பிணைப்புக்களின் எண்ணிக்கையைப் பொறுத்தவரை அவர்கள் கூற்றே பிற்காலத்தில் நிலைபெற்றது என்பதையும் நேர்மை கருதி இங்கே குறித்தல் வேண்டும்.

இவ்விடத்திலேதான் இராமச்சந்திரனின் பெருமை விளங்குகின்றது. மறுப்பைக் கண்டு அவர் சோர்ந்திலர். வெறும் வாதத்திலும் இறங்கினாரல்லர். அணுக்கள் அளவுக்கு மிஞ்சி நெருங்கியுள்ளன என்றால், அந்த அளவு யாது என்று கேட்டார். அதுகாறும் வெளியாகியிருந்த பளிங்கு அமைப்புக்களைத் திரட்டி, எந்த அணு எந்த அணுவை எவ்வளவு தூரம் நெருங்கலாம் என்று அட்டவணை வகுத்தார். பின்னர் சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகிய இருவருடன் சேர்ந்து, புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கணுவிலும் அமையக்கூடிய இரு சுழற்சிக் கோணங்களையும் எடுத்துக்கொண்டு, எந்தக் கோணங்களில் அணுக்கள் மோதும், எவற்றில் மோதா என்று கணித்தனர். கணிப்பொறி எளிதிற் கிட்டாத அக்காலத்தில் மேசைக் கணக்கியைக் கொண்டு செய்த வேலை அது.

1963 இல் வெளியான அக்கணிப்பின் முடிவை ஒரு சதுரப் படமாக வரையலாம். கிளைசீன் அல்லாதவற்றுக்கு அச்சதுரத்தின் நாலில் மூன்று பங்குக்கு மேற்பட்ட பரப்பு விலக்கப்பட்ட பரப்பு. எஞ்சிய சிறு தீவுகளே இயற்கை அனுமதித்த பரப்பு. இதுவே இன்று உலகெங்கும் இராமச்சந்திரன் படம் என வழங்குவது. ஒரு புரதத்தின் அமைப்பை எவர் கண்டறிந்தாலும், அண்மைக் காலத்திற் கணினியே செயற்கை நுண்ணறிவினாற் கணித்துக் கூறினாலும், அவ்வமைப்பு முதலில் இப்படத்தின் முன் நிறுத்தப்படுகிறது. கோணங்கள் விலக்கப்பட்ட பரப்பில் விழுமாயின் அவ்வமைப்பு ஐயத்துக்குரியது. நோய்களுக்குக் காரணமான புரதங்களையும் அவற்றுக்கான மருந்துகளையும் கணினியில் ஆராய்வோர்க்கு இது நீங்காத உரைகல்லாயிற்று. ஒரு குறை கூறலிலிருந்து அதனைக் கூறியவரும் எதிர்பாராத பெரும்பயன் விளைந்தவாறு இது.

பல நிழல்கள், ஓர் உருவம்

1970 இற் சென்னையை விட்டு நீங்கிய இராமச்சந்திரன், பெங்களூர் இந்திய விஞ்ஞான நிறுவனத்தில் மூலக்கூற்று உயிர்ப்பௌதிகப் பிரிவை அமைத்தார். சிக்காகோப் பல்கலைக்கழகத்திலும் வருகைப் பேராசிரியராக இருந்தார். அக்காலத்தில், ஏ. வி. இலட்சுமிநாராயணன் என்பாருடன் சேர்ந்து 1971 இல் அமெரிக்கத் தேசிய விஞ்ஞானக் கழகத்தின் வெளியீட்டில் ஒரு கட்டுரை எழுதினார். எக்ஸ் கதிர் நிழற்படங்களிலிருந்தும் இலத்திரன் நுணுக்குக்காட்டிப் படங்களிலிருந்தும் முப்பரிமாண உருவத்தை மீட்கும் வழியைக் கூறுவது அது.

அவ்வழியை மாணவரும் விளங்கிக்கொள்ளுமாறு சிறிது விரித்துரைப்போம். ஒளி நேர்கோட்டிற் செல்வதாலேயே நிழல் உண்டாகின்றது. ஒளியின் இயல்பை ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே ஆய்ந்து நூல் செய்தவர் பஸ்றா நகரிற் பிறந்த இப்னு அல்-ஹைதம். ஒரு தென்னங்குலையின் நிழல் சுவரில் விழுகிறது எனக் கொள்வோம். அந்நிழலில் முன்னுள்ள காயும் பின்னுள்ள காயும் ஒன்றன்மேல் ஒன்றாய் மறைந்துவிடும். விளக்கைக் குலையைச் சுற்றி நகர்த்திப் பல திசைகளிலும் நிழல்களை எடுத்தால், அவற்றையெல்லாம் ஒப்புநோக்கிக் காய்களின் இடத்தை அறியலாம். சாதாரண எக்ஸ் கதிர்ப் படம் ஒற்றை நிழல், சீ.ரீ. ஸ்கான் சுற்றி எடுத்த நிழல்களின் தொகுதி. இத்தகைய நிழல்களிலிருந்து உருவத்தை மீட்க இயலும் என்பதை 1917 இலேயே யொகான் றாடொன் என்னும் ஒஸ்திரிய கணித அறிஞர் நிறுவியிருந்தார். ஆயினும் அளவீடுகளைக் கொண்டு விரைவாகவும் செம்மையாகவும் அதனைச் செய்துமுடிக்கும் வழி வேண்டியிருந்தது.

எளிய வழி ஒன்று எவர்க்கும் தோன்றும். ஒவ்வொரு நிழலையும் அது வந்த வழியே திருப்பிப் பூசுவது. பூச்சுக்கள் ஒன்றையொன்று வெட்டுமிடத்திற் பொருள் இருப்பதாகக் கொள்வது. ஆனால் இங்ஙனம் செய்தால், ஈரத்தாளில் விழுந்த மைத்துளிபோல ஒவ்வொரு புள்ளியும் தன்னைச் சுற்றிப் பரந்து படம் கலங்கிவிடும். மூளையில் உள்ள சிறு கட்டி அக்கலக்கத்தில் மறைந்துபோகும். மற்றொரு வழி போரியரின் கணிதத்தைப் பயன்படுத்துவது. அது செம்மையானதெனினும் அக்காலத்துக் கணிப்பொறிகளுக்குப் பெருஞ்சுமை.

இராமச்சந்திரனும் இலட்சுமிநாராயணனும் கூறிய வழியில், நிழலைத் திருப்பிப் பூசுமுன் ஒவ்வோர் அளவீட்டையும் அதன் அயலவரைக் கொண்டு திருத்துதல் வேண்டும். குறித்த இடத்து அளவீட்டை ஏறத்தாழ 2.47 ஆற் பெருக்குக. அதிலிருந்து, இருபுறமும் முதலாம் இடத்திலுள்ளவற்றை முழுதாகவும், மூன்றாம் இடத்திலுள்ளவற்றில் 9 இல் ஒரு பங்கையும், ஐந்தாம் இடத்திலுள்ளவற்றில் 25 இல் ஒரு பங்கையும் கழிக்க. இவ்வாறே மேலும் செல்க. இரட்டைப்படை இடங்களை விட்டுவிடுக. கழிக்கும் எண்கள் அனைத்தையும் முடிவின்றிக் கூட்டினால் அதே 2.47 கிடைக்கும் என்பது இதன் அழகு. எனவே ஒரே சீராக உள்ள இடத்தில் விடை சுழியாகும். மாற்றம் உள்ள விளிம்பு மட்டும் எடுப்பாகத் தோன்றும். இங்ஙனம் திருத்திப் பூசியபின் கலக்கம் நீங்கி உருவம் தெளிகிறது. பெருக்கலும் கூட்டலும் கழித்தலும் அறிந்த மாணவன் ஒரு தாளிற் செய்து பார்க்கத்தக்க இக்கணக்கே, இருவர் பெயராலும் ராம்-லாக் வடிகட்டி என உலகப் பாடநூல்களில் வழங்குகிறது.

இக்கருத்தின் வரலாற்றில் அவர்கள் தனித்து நிற்கவில்லை. வானொலி வானியலில் பிறேஸ்வெல், றிடில் ஆகிய இருவர் 1967 இலேயே இதையொத்த வழியைக் கண்டிருந்தனர். முதலாவது ஸ்கான் பொறியை ஆக்கிய பெருமை இங்கிலாந்தின் கொட்பிறி ஹவுன்ஸ்பீல்டுக்கு உரியது. 1971 ஒக்டோபர் 1 ஆம் நாள் இலண்டனில் முதல் நோயாளியின் மூளை அப்பொறியினாற் படமெடுக்கப்பட்டது. அவர் கையாண்ட கணித வழி வேறு. அவருக்கும் அலன் கோமக்கிற்கும் 1979 இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆயினும் ஒவ்வொரு நிழலும் வந்த மாத்திரத்திலேயே திருத்திப் பூசத்தக்க எளிமையால், திருத்திப் பூசும் முறையே பின்னர் வந்த பொறிகளிற் பல்லாண்டுகள் ஆட்சி செய்தது. இன்று வேறு புதிய வழிகளும் வந்துள்ளன. எனினும் அத்துறையிற் புகும் மாணவன் முதலிற் கற்பது இதனையே.

படத்திலிருந்து நோய்க் கணிப்புக்கு

உடலின் உள்ளுருவைப் பார்ப்பதோடு இன்றைய வைத்தியவியல் நின்றுவிடவில்லை. ஸ்கான் படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு. தண்ணீருக்குச் சுழி, காற்றுக்குக் கழித்தல் 1000, எலும்புக்குப் பல நூறும் அதற்கு மேலும். இவ்வெண்களைக் கொண்டு உறுப்புக்களின் எல்லையைப் பிரித்தறிந்து, அவ்வுருவைச் சின்னஞ்சிறு கூறுகளாக்கி, குருதியின் ஓட்டத்தையும் சுவரின் இழுவையையும் கணினியிலே கணிக்கின்றனர். அந்நோயாளியின் நோய்க்கு அது ஒரு கணித மாதிரி.

எடுத்துக்காட்டாக, வயிற்றிலுள்ள பெருநாடி சிலருக்கு மெல்ல மெல்ல வீங்கும். வெடித்தால் உயிர் பிழைத்தல் அரிது. முன்கூட்டியே சத்திரசிகிச்சை செய்தால் அதிலும் ஆபத்து உண்டு. எனவே எப்போது கத்தி வைப்பது என்பதே வைத்தியரின் பெருங்கவலை. ஆண்களில் வீக்கத்தின் விட்டம் ஏறத்தாழ 5.5 சென்ரிமீற்றரை எட்டினாற் சிகிச்சையைக் கருதுவது பொது வழக்கம். ஆனால் அதனினும் சிறிய வீக்கம் வெடிப்பதும் உண்டு. பெரியது பல்லாண்டு நிலைப்பதும் உண்டு. ஆகவே அவரவர் ஸ்கான் படத்திலிருந்து வீக்கத்தின் மெய்யான வடிவை எடுத்து, சுவரின் எந்த இடத்தில் இழுவை மிகுதி என்று கணிக்கும் முயற்சி நடைபெறுகின்றது. விட்டத்தை அளக்கும் வழக்கத்தை அது இன்னும் அகற்றவில்லை. ஆயினும் ஆய்வுகள் வளர்ந்து வருகின்றன.

இம்முயற்சியில் இராமச்சந்திரனின் இரு பணிகளும் ஓரிடத்திற் கூடுவதைக் காண்கிறோம். நாடியின் வடிவத்தைத் தருவது நிழல்களிலிருந்து மீட்ட படம். நாடிச் சுவரை வெடியாமற் காப்பது அவர் சென்னையிற் கண்ட மூன்று புரிக் கொலாஜன். வடிவமும் வேண்டும், சுவரின் வலிமையும் வேண்டும். ஒன்று பிழைத்தாலும் கணிப்புப் பிழைக்கும். சுவரின் தடிப்போ ஓரிரு மில்லிமீற்றர் அளவினதே. ஸ்கான் படத்தில் அதனைச் செம்மையாக அளத்தல் கடினம். விளிம்பைக் கூர்மையாக்கும் வடிகட்டி படத்திலுள்ள இரைச்சலையும் கூடவே பெருக்கும். அதனைத் தணிக்க மென்மைப்படுத்தினால் விளிம்பு மழுங்கும். இவ்விரண்டிற்கும் இடையே நடுநிலை காண்பது அனுபவத்தால் வருவது. கணினி காட்டும் வண்ணப் படத்தின் அழகில் மயங்கி, அதற்கு அடிப்படையான அளவீட்டை மறந்தால் துன்புறப்போவது நோயாளியே. அணுக்களுக்கிடையே உள்ள தூரத்தை அளந்த பின்னரே உருவத்தை நம்பிய இராமச்சந்திரனின் நெறி இங்கு நமக்கு வழிகாட்டுகிறது.

இறுதிக் காலம்

1977 இல் இலண்டன் றோயல் சங்கம் அவரைத் தன் உறுப்பினராக ஏற்றது. 1961 இல் பட்நாகர் பரிசும், 1999 இல் பளிங்கியல் உலகின் உயர்ந்த விருதாகிய ஏவால்ட் பரிசும் அவரை அடைந்தன. பிற்காலத்தில் தருக்கவியலைக் கணித வடிவில் அமைப்பதிலே சிந்தை செலுத்தினார். கர்நாடக இசையிலும் ஈடுபாடு உடையவர். 1945 இற் கைப்பிடித்த துணைவியார் இராஜலட்சுமி 1998 இல் மறைந்தது அவருக்குப் பேரிடியாயிற்று. பாரிசவாதமும் நடுக்குவாதமும் இறுதி ஆண்டுகளில் அவரை வாட்டின. மூளையின் நோயை வைத்தியர் காண வழி கோலியவருக்கு மூளையின் நோயே இறுதித் துன்பமாயிற்று. 2001 ஏப்பிரல் 7 ஆம் நாள் சென்னையில் அவர் மறைந்தார்.

நம் கரைக்கு உரிய பாடம்

இவ்வரலாற்றைப் படிக்கும்போது நம் கரையின் மைந்தர் ஒருவரை நினையாதிருத்தல் இயலாது. காரைதீவிலே 1892 இற் பிறந்து, கல்முனையிலும் மட்டக்களப்பிலும் பயின்று, இலண்டன் விஞ்ஞானப் பட்டமும் பெற்றவர் சுவாமி விபுலாநந்தர். வழக்கொழிந்த யாழ்களின் உருவத்தைப் பழந்தமிழ் நூல்களில் எஞ்சிய குறிப்புக்களைக் கொண்டும், நரம்பின் நீளத்துக்கும் சுரத்துக்கும் உள்ள கணிதத் தொடர்பைக் கொண்டும் மீட்டவர் அவர். யாழ்நூல் அரங்கேறிய 1947 ஆம் ஆண்டிலேயே அவர் மறைந்தார். இராமச்சந்திரன் கவெண்டிஷ் ஆய்வுகூடத்திற்குப் புறப்பட்டதும் அவ்வாண்டே. துறைகள் வேறாயினும் இருவர் நெறியும் ஒன்றே: எஞ்சிய தடங்களைத் திரட்டுதல், கணிதத்தால் உருவத்தை மீட்டல், மீட்டதை இயற்கையின் விதியோடு ஒத்துப்பார்த்தல்.

கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அக்கரைப்பற்று என வயலுக்கும் கடலுக்கும் இடையே வரிசையாய் அமைந்த நம் ஊர்களிலே இந்துக்களும் முஸ்லிம்களும் ஒரே தமிழில் கணிதம் கற்கின்றனர். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் உள்ளது. கணிதம் தேர்வுக்கு மட்டுமே உரியது என்றும், வைத்தியத்திற்கு உயிரியல் ஒன்றே போதும் என்றும் எண்ணும் மாணவர் நம்மிடையே உளர். அவ்வெண்ணம் இனிச் செல்லாது. நோயாளியின் படத்தைப் படிக்கும் வைத்தியருக்கும், அப்படத்திலிருந்து நோயைக் கணிக்கும் பொறிக்கும் அடியில் நிற்பது கணிதமே. அதனை அறிந்து கேள்வி கேட்கவல்ல வைத்தியரும், வைத்தியத்தின் கவலையை உணர்ந்த கணித அறிஞரும் நம் கரையிலிருந்து தோன்றுதல் வேண்டும். குறை கூறப்பட்டபோது சினவாமல் அளவுகோலை எடுத்த பேரறிஞரின் மனப்பான்மை அவர்களுக்கு வாய்ப்பதாக.